பிள்ளைகளோடு ஆல்ப்ஸில் நடக்க எங்கே தங்கலாம்? லௌட்டர்புருன்னன், வில்டர் கைசர், சைசர் ஆல்ம்: ஓர் ஒப்பீடு

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸில் நடக்கப் போகலாம் என்று முடிவெடுப்பது எளிது. எங்கே போவது என்பதில்தான் வாரக்கணக்கில் ஓடிவிடுகிறது. பிரான்சிலிருந்து ஸ்லோவேனியா வரை சுமார் 1,200 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர் இது. எந்தப் பள்ளத்தாக்கின் விளம்பரத்தைத் திறந்தாலும் அதே பச்சைப் புல்வெளி, அதே பனிச்சிகரம், அதே சிரிக்கும் குழந்தை. படத்தைப் பார்த்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

மியூனிக்கில் வசிக்கும் எங்களுக்கு இந்த மலைகள் பக்கம்தான். பிள்ளைகளை முதுகில் சுமந்த காலத்திலிருந்து, அவர்கள் எங்களுக்கு முன்னால் ஓடும் இந்தக் காலம் வரை, மூன்று இடங்களுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறோம்: சுவிட்சர்லாந்தின் லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு, ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில் உள்ள வில்டர் கைசர், இத்தாலியின் தெற்குத் திரோலில் உள்ள சைசர் ஆல்ம். மூன்றிலும் கோடையில் கேபிள் கார் ஓடும். மூன்றுக்கும் கார் இல்லாமலே போய்ச்சேரலாம். ஆனால் எல்லா வயதுக்கும் எல்லாப் பணப்பைக்கும் மூன்றும் ஒன்றுபோலப் பொருந்தாது.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பிள்ளைக்கு மூன்றிலிருந்து ஆறு வயது என்றால் வில்டர் கைசர். கார் இல்லாமல், முதன்முறையாக, ஊரிலிருந்து தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்றால் லௌட்டர்புருன்னன். பிள்ளைகள் ஏழு வயதைத் தாண்டி, ஒரு வாரம் முழுக்க ஒரே இடத்தில் இருக்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சைசர் ஆல்ம். ஏன் என்பதைக் கீழே விரிவாகவே எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

சிகரத்தின் உயரமோ காட்சியின் அழகோ என் அளவுகோல் இல்லை. இப்படி யோசித்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணி. காலையிலிருந்து நன்றாக நடந்துகொண்டிருந்த ஆறு வயதுப் பெண் திடீரென்று பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, இனி ஒரு அடிகூட வைக்க மாட்டேன் என்கிறாள். மேற்கே மேகம் திரள்கிறது. அந்த இடத்திலிருந்து எப்படித் திரும்புவீர்கள்? பத்து நிமிடத்தில் ஒரு ரயில் நிலையம் வருமா, கேபிள் கார் வருமா, குறைந்தது சூடாக ஏதாவது கிடைக்கும் ஒரு குடிலாவது வருமா? இதற்குப் பதில் இருக்கும் பாதையில் பெற்றோர் நிதானமாக நடக்கிறார்கள்; அந்த நிதானம் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்ளும். பதில் இல்லாத பாதையில் எல்லோரையும் விரட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருக்கும் நேரத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது ஓய்வே எடுக்காமல் நடக்கும் பெரியவர்களுக்கான நேரம். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் வழக்கமான கணக்கு ஒன்று உண்டு: சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம், இறக்கத்தில் 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தையும் ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, பெரிய எண்ணோடு சிறிய எண்ணில் பாதியைக் கூட்டிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வரும் விடையை இரண்டால் பெருக்கிவிடுங்கள். பலகை ஒன்றரை மணி என்றால் உங்களுக்கு மூன்று மணி. ஓடையில் கல் எறிவது, பூச்சியைப் பார்ப்பது, பை திறந்து பிஸ்கட் தேடுவது எல்லாம் அதில் அடக்கம்.

இன்னொன்று: கடைசி கேபிள் கார். பல இடங்களில் மாலை ஐந்து மணியையொட்டி நின்றுவிடும். சில இடங்களில் அதற்கும் முன்பே. காலையில் மேலே ஏறும்போதே அந்த நேரத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லௌட்டர்புருன்னன்: ரயிலை நம்பி நடக்கலாம்

இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர், நடுவே தட்டையான பள்ளத்தாக்கு. ஊருக்கு மேலேயே 297 மீட்டர் உயரத்திலிருந்து ஷ்டௌப்பாக் அருவி விழுகிறது. இன்டர்லாகனிலிருந்து ரயிலில் 20 நிமிடம். பள்ளத்தாக்கின் ஒரு பக்க விளிம்பில் வெங்கன், மறுபக்க விளிம்பில் மியூரன். இரண்டு ஊர்களுக்கும் வெளியூர்க் கார்கள் போக முடியாது; ரயிலிலோ கேபிள் காரிலோதான் போகலாம். தெருவில் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடினால் பதற வேண்டியதில்லை என்பது ஒரு வாரத்தில் எவ்வளவு பெரிய நிம்மதி என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

என் அளவுகோலுக்கு நூற்றுக்கு நூறு வாங்கும் பாதை இங்கேதான் இருக்கிறது. லௌட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் குருட்ஷ்ஆல்புக்கு (1,486 மீட்டர்) ஏறி, அங்கிருந்து மியூரன் வரை (1,638 மீட்டர்) நடப்பது. நாலரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின், மெல்லிய ஏற்றம். பாதை நெடுகக் குறுகிய தண்டவாளம் கூடவே வரும். சின்ன ரயில் போகும்போதெல்லாம் பிள்ளைகள் கையசைப்பார்கள். உள்ளே இருப்பவர்களும் கையசைப்பார்கள். அடுத்த ரயில் எப்போது என்ற கேள்வியிலேயே அரை மணி நடை ஓடிவிடும். எதிரே ஐகர், மோஞ்ச், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களும் வரிசையாக நிற்கும். பாதி வழியில் விண்டரெக் என்ற நிறுத்தம். அங்கே ஓர் உணவகம், விளையாட்டுத்திடல், பக்கத்தில் பாலாடைக்கட்டி செய்யும் இடம். யாராவது உட்கார்ந்துவிட்டால் அங்கேயே ரயில் ஏறிவிடலாம். மீதி வழியை நடந்து முடிப்பவர்களுக்கு மியூரனில் பரிசு உண்டு: பழநி விஞ்ச் போலச் சரிவில் ஏறும் சின்ன ரயிலில் ஆல்மெண்ட்ஹூபல் போனால், மலைப்பூக்களின் வடிவில் அமைத்த பெரிய விளையாட்டுத்திடல்.

அடுத்தது, மென்லிஹனிலிருந்து கிளைன ஷைடெக் வரை போகும் பாதை. வெங்கனிலிருந்து கேபிள் காரில் மேலே போய், நாலரை கிலோமீட்டர் கிட்டத்தட்ட இறக்கமாகவே நடந்து 2,061 மீட்டரில் உள்ள ரயில் நிலையத்தில் முடிப்பது. பலகை ஒன்றரை மணி என்று சொல்லும். மென்லிஹனில் கேபிள் கார் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெரிய மரப் பசு ஒன்று நிற்கிறது. அதற்குள் புகுந்து சறுக்கி வெளியே வரலாம். பாதையை முடித்துவிட்டு வந்து சறுக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். வழி திரும்பி வராது. முதலில் சறுக்கட்டும், அப்புறம் நடக்கட்டும்.

ரயிலிலேயே போகக்கூடிய, 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் கணவாயைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நடக்க வந்த குடும்பத்துக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. செலவு மிக அதிகம். அந்த உயரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவலியும் எரிச்சலும் வரலாம். கைக்குழந்தையோடு போகவே கூடாது. அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு இரவு தங்கிவிடலாம்.

மழை நாளுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ட்ரும்மெல்பாக் இருக்கிறது. மலையின் வயிற்றுக்குள்ளேயே பத்து அருவிகள். மூன்று சிகரங்களின் பனியாறுகளும் உருகி, நொடிக்கு 20,000 லிட்டர் வரை தண்ணீர் பாறைக்குள் இடித்துக்கொண்டு இறங்குகிறது. லிப்டில் ஏறிப் படிக்கட்டில் இறங்கலாம். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. அதற்கேற்ப ஒருவர் வெளியே இருக்கத் திட்டமிடுங்கள்.

குறைகள் இரண்டு. ஒன்று கூட்டம். ஜூலை, ஆகஸ்டில் லௌட்டர்புருன்னன் தெருவில் நடக்கவே சிரமம். அதனால் கீழே தங்காமல் வெங்கனிலோ மியூரனிலோ தங்குவது நல்லது. இன்னொன்று விலை. மூன்று இடங்களிலும் இதுதான் அதிகம், வித்தியாசமும் பெரிது. ஆனால் பிள்ளைகளுக்கான பயணச் செலவு அப்படியில்லை. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ரயில் இலவசம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசமாகக் கிடைக்கும். சுவிஸிலேயே வசிக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஜூனியர் கார்டு ஏற்கெனவே தெரிந்திருக்கும்: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 30 ஃப்ராங்க், பெற்றோரோடு போனால் தனிச் சீட்டு வேண்டாம். டிராவல் பாஸ் வெங்கன், மியூரன், கிரிண்டல்வால்ட் வரை முழுமையாகச் செல்லும்; அதற்கு மேலே தள்ளுபடி மட்டுமே. பட்ஜெட் போடும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை.

வில்டர் கைசர்: நடக்கப் பழகும் கால்களுக்கு

குஃப்ஷ்டைனுக்குப் பக்கத்தில், சுண்ணாம்புப் பாறைச் சுவராக எழும் மலை வில்டர் கைசர். உச்சி 2,344 மீட்டர்தான். அதன் தெற்கே எல்மாவ், கோயிங், ஷெஃபாவ், ஸோல் என்று நான்கு ஊர்கள். மியூனிக்கிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ரயிலில் குஃப்ஷ்டைன் அல்லது வோர்கிள் வந்து பேருந்து பிடிக்கலாம். அங்கே தங்குபவர்களுக்குத் தரும் விருந்தினர் அட்டையைக் காட்டினால் ஊர்களுக்கிடையே ஓடும் பேருந்து இலவசம்.

இந்தப் பகுதியின் சிறப்பு, பாறைச் சுவருக்கு எதிர்ப்புறம் உள்ள மென்மையான புல்மலைகளில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்குப் பயன்படும் கேபிள் கார் நிலையங்களைக் கோடையில் பிள்ளைகளுக்கான இடங்களாக மாற்றியிருக்கிறார்கள். ஸோலுக்கு மேலே ஹெக்சன்வாசர். செருப்பைக் கழற்றிவிட்டு மண், கூழாங்கல், மரச்சீவல், குளிர்ந்த ஓடை என்று மாறி மாறி மிதித்து நடக்கும் வெறுங்கால் பாதை அங்கே உண்டு. தண்ணீரைத் திருப்பி விடவும் தேக்கவும் எத்தனையோ ஏற்பாடுகள். எல்மாவுக்கு மேலே ஹார்ட்கைசரில் எல்மி என்ற குட்டி மாயாவியின் உலகம். எல்லா மலைகளுக்கும் சேர்த்துப் பல நாள் சீட்டு வாங்கலாம்.

இதெல்லாம் செயற்கை, பூங்காவுக்கே போய்விடலாமே என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாரம் முழுக்க இப்படியே போனால் பிள்ளை மலையைப் பார்க்காமல் அடுத்த விளையாட்டுப் பொருளைத்தான் பார்க்கும். ஆனால் நான்கு வயதுக் குழந்தை காட்சிக்காக நடப்பதில்லை; அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்பதற்காகவே நடக்கிறது. முதல் இரண்டு நாள் அந்த வளைவில் ஒரு தண்ணீர்ச் சக்கரம் இருக்கட்டும். மூன்றாம் நாள் வெறும் ஓடையும் கல்லுமே அதற்குப் போதுமாகிவிடும். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்திருப்பதால்தான், இந்த வயதுக்கு மற்ற இரண்டையும் விட இதை முன்னே வைக்கிறேன்.

வெயில் கொளுத்தும் நாளில் ஷெஃபாவுக்குப் பக்கத்தில் ஹின்டர்ஷ்டைனர் ஏரி. தண்ணீர் தெளிவென்றால் தெளிவு. நீந்தலாம், சுற்றி நடக்கலாம்.

திரோலிலேயே மேற்கே இன்னும் தள்ளிப் போகத் தயாராக இருந்தால் செர்ஃபாவுஸையும் பாருங்கள். 1,400 மீட்டருக்கு மேலுள்ள அந்தச் சிறு ஊரில் தெருவில் கார் நெரிசல் வேண்டாமென்று 1985-இல் ஒரு சுரங்க ரயில் போட்டார்கள். காற்று மெத்தையில் மிதந்து போகும் ரயில் அது. நான்கே நிறுத்தம், கட்டணம் இல்லை. எங்கள் சின்னவன் அதைவிட்டு இறங்கவே மறுத்தான். குடும்பங்களுக்கென்றே வளர்த்தெடுத்த ஊர் என்பதால் ஹோட்டல்களின் விலையும் அதற்கேற்ப ஏறித்தான் இருக்கும்.

மாடுகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், மூன்று இடங்களுக்கும் பொருந்தும் என்றாலும். பாதைகள் மேய்ச்சல் நிலத்தின் நடுவேதான் போகின்றன. நம் பிள்ளைகளுக்கு மாட்டைக் கண்டால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். இங்கே மலையில் மேயும் மாடுகள், குறிப்பாகக் கன்றோடு இருப்பவை, தொட்டுப் பழகிய மாடுகள் அல்ல. 2014-இல் திரோலின் பின்னிஸ்டால் பள்ளத்தாக்கில் நாயோடு நடந்து வந்த ஒரு பெண்ணை மாடுகள் தாக்கி அவர் இறந்துபோனார். அதன் பிறகு ஆஸ்திரியாவில் இதற்கென நடத்தை விதிகளே வகுத்தார்கள். தள்ளி நடங்கள், பாதையில் படுத்திருந்தால் சுற்றிப் போங்கள், பிள்ளைகளை மலைப்பக்கம் விட்டு நீங்கள் மாட்டின் பக்கம் நடங்கள். வேலியில் ஒற்றைக் கம்பி ஓடினால் அதில் மின்சாரம் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். திறந்த கதவை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தால் பெருமையோடு செய்வார்கள்.

சைசர் ஆல்ம்: ஒரு வாரம் போதாத இடம்

ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய உயர்மலைப் புல்வெளி என்று இதைச் சொல்வார்கள். சுமார் 56 சதுர கிலோமீட்டர். உயரம் 1,700-க்குப் பக்கத்தில் தொடங்கி 2,300 மீட்டரைத் தாண்டும். இத்தாலிய மொழியில் ஆல்பே டி சியுசி. அலையலையாகப் புல்மேடுகள், நடுநடுவே கருத்துப்போன மர வைக்கோல் கொட்டகைகள், விளிம்பில் திடீரென்று 3,181 மீட்டருக்கு எழும் லாங்கோஃபெல் பாறை. இது அமைந்துள்ள டோலோமைட் மலைகளை யுனெஸ்கோ 2009-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் விதம்தான் குடும்பங்களுக்கு இதை இவ்வளவு நல்ல இடமாக ஆக்குகிறது. காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மேலே போகும் சாலையில் தனியார் கார்களுக்குத் தடை. சைஸ் ஊரிலிருந்து கேபிள் காரில் கால் மணி நேரத்தில் கொம்பாட்ச் (1,844 மீட்டர்) வந்துவிடலாம். மறுபுறம் ஓர்ட்டிசெய் ஊரிலிருந்தும் கேபிள் கார் உண்டு. மேலே வந்துவிட்டால் அகலமான, சீரான பாதைகள். பலவற்றில் தள்ளுவண்டியே போகும். அரை மணிக்கு ஒரு குடில். வாசலில் ஊஞ்சல், முயல் கூண்டு, சில இடங்களில் ஆடுகள். செம்பழுப்பு உடலும் வெளிர் பிடரியுமாக நிற்பவை ஹாஃப்லிங்கர் குதிரைகள்; இந்தத் தெற்குத் திரோல்தான் அவற்றின் சொந்த ஊர்.

மேலேயே தங்குவதா, கீழே சைஸ் அல்லது காஸ்டெல்ருத் ஊரில் தங்குவதா என்பது தனிக் கேள்வி. கீழே விலை குறைவு, கடை கண்ணி உண்டு, மழை நாளில் பேருந்து பிடித்துப் போல்ட்சானோ நகரத்துக்குப் போய்விடலாம். ஆல்ப்ஸ் பனியில் 5,000 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்து 1991-இல் கிடைத்த ஓட்சி மனிதனின் உடல் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கேள்வி கேட்டே தீர்த்துவிடுவார்கள். மேலே தங்கினால் செலவு கூடும். ஆனால் ஐந்து மணிக்குப் பகல் கூட்டம் இறங்கிய பிறகு, புல்வெளி முழுக்க உங்களுடையது. அந்த நேரத்தில்தான் மர்மோட் எனப்படும் கொழுத்த மலை அணில்கள் வளையை விட்டு வெளியே வரும். ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து நின்று காவல் காக்கும். நாம் அசைந்தால் விசில் அடித்ததுபோல ஒரு கூர்மையான ஒலி, அடுத்த நொடி எல்லாம் மண்ணுக்குள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பணம் இடம் கொடுத்தால் இரண்டு இரவாவது மேலே தங்குங்கள்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் நடையாக நான் சொல்வது புஃப்லாட்ஷ் சுற்று. கொம்பாட்சிலிருந்து கேபிள் காரில் ஏறி, மேட்டின் விளிம்பைச் சுற்றி இரண்டரை மணி நேர நடை. வழியில் ஹெக்சன்பெங்கே: சாய்வு நாற்காலிபோல இயற்கையாகவே உடைந்து அமைந்த பாறைகள். ஷ்லெர்ன் மலையின் சூனியக்காரிகள் இங்கே வந்து அமர்வதாக ஊர்க்கதை. கதையை நடக்கும்போது பாதியில் நிறுத்தி, மீதியை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்வேன் என்றால் கால்வலி மறந்துபோகும். விளிம்பை ஒட்டிய இடங்களில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சைசர் ஆல்முக்கு வெளியே, தெற்குத் திரோலிலேயே உள்ள ஃபில்னஸ் பள்ளத்தாக்கு. சான்ஸர் ஆல்மில் தொடங்கி ஆடோல்ஃப் முங்கெல் பாதையில் கைஸ்லர் சிகரங்களின் அடிவாரத்தை ஒட்டி, காடும் சரளைக்கல்லும் மாறி மாறி வரும் வழியில் ஒன்பது கிலோமீட்டர் சுற்று. வேர்களும் கற்களும் உண்டு, தள்ளுவண்டி ஆகாது. மலையேற்ற வீரர் ரைன்ஹோல்ட் மெஸ்னர் சிறுவனாக வளர்ந்த பள்ளத்தாக்கு இது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களையும் ஏறியவர் முதலில் இந்தப் பாறைகளில்தான் ஏறினார் என்று சொன்னால் பத்து வயதுப் பையனின் நடையே மாறும்.

டிரை சின்னன் என்னும் மூன்று பாறைக் கோபுரங்களைச் சுற்றும் புகழ்பெற்ற பாதையையும் பலர் இதோடு சேர்க்கப் பார்ப்பார்கள். சைசர் ஆல்மிலிருந்து தூரம் அதிகம். முழுச் சுற்று சுமார் 10 கிலோமீட்டர், நடுவில் கேபிள் காரோ பேருந்தோ கிடையாது, இடி வந்தால் ஒதுங்க இடம் குறைவு. என் அளவுகோலின்படி பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். அவுரோன்சோ குடிலிலிருந்து லவாரேதோ குடில் வரை உள்ள அகலமான சமதளப் பகுதியை மட்டும் போய்த் திரும்பினால் சிறியவர்களுக்கும் சரிப்படும்.

தங்கும் விதத்திலும் தெற்குத் திரோலுக்கு ஒரு வசதி கூடுதல். அங்குள்ள விவசாயிகள் சங்கம் நடத்தும் ரோட்டர் ஹான் என்ற அமைப்பின் வழியாகப் பண்ணை வீடுகளில் தங்கலாம். சமையலறையோடு கூடிய வீடு, காலையில் அதே பண்ணையின் பாலும் முட்டையும், சாயங்காலம் கன்றுக்குட்டிக்குப் புல். குக்கர் கொண்டுபோகலாம், ரசம் வைக்கலாம். ஒரு வாரத்தில் நான்காம் நாள் அதன் அருமை தெரியும். பல விடுதிகளும் பண்ணைகளும் விருந்தினர் பாஸ் தருகின்றன. மாநிலத்துக்குள் பேருந்தும் உள்ளூர் ரயிலும் அதில் இலவசம். மலைக் கேபிள் கார்களுக்குப் பெரும்பாலும் தனிக்கட்டணம்தான்.

சாப்பாடு

சைவக் குடும்பங்களுக்கு மூன்றில் எளியது தெற்குத் திரோல். முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவில் இருந்து, பிறகு இத்தாலிக்குப் போன நிலம் என்பதால் இரண்டு சமையலும் ஒரே குடிலில் கிடைக்கும். தக்காளிச் சாறு போட்ட பாஸ்தா எங்கும் உண்டு. பசலைக்கீரை வைத்த ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் நம் சோமாசி வடிவில் வரும். திரோலில் கைசர்ஷ்மாரன் பிள்ளைகளின் செல்லம்: பிய்த்துப் போட்ட தடித்த இனிப்பு முட்டைத் தோசை, மேலே பொடித்த சர்க்கரை, பக்கத்தில் பழக்கூழ். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆகாது. கவனிக்க வேண்டியது சூப். பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் சைவம்போலத் தெரியும். சாறு பெரும்பாலும் மாட்டெலும்பில் எடுத்தது. உருண்டைகளிலும் ஷ்பெக் என்னும் பன்றிக்கறித் துண்டு இருக்கலாம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சுவிஸில் உருளைக்கிழங்கு ரோஸ்டியும், மக்ரோனியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த ஆல்ப்ளர்மக்ரோனனும் கிடைக்கும். விலைதான் நான்கு பேருக்குக் கனக்கும். நாங்கள் மதியத்துக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய், குடிலில் காபியும் கேக்கும் மட்டும் வாங்குவோம். குடிலின் மேசையில் உட்கார்ந்து சொந்தச் சாப்பாட்டைப் பிரிப்பதை அங்கே விரும்ப மாட்டார்கள். கொஞ்சம் தள்ளிப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எப்போது போவது

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை புல்வெளிகளில் பூ நிறைந்திருக்கும். உயரமான பாதைகளில் பனித்திட்டு மிச்சம் இருக்கலாம். ஆகஸ்டில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். 15-ஆம் தேதியையொட்டிய வாரத்தில் டோலோமைட் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பள்ளிக்குப் போகாத குழந்தைகள் மட்டும் என்றால் செப்டம்பர்தான் பொற்காலம். கூட்டம் குறையும், பிற்பகல் இடிமழை குறையும், மாடுகளை அலங்கரித்துக் கீழே இறக்கும் விழாவையும் பார்க்கலாம். காரில் பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்குப் போகிறவர்கள் சனிக்கிழமைகளைத் தவிர்த்துவிடுங்கள். பின்னிருக்கையில் பிள்ளைகளோடு நெரிசலில் கிடப்பது பெரும்பாடு. ஊரிலிருந்து விசா எடுத்து வருபவர்களுக்கு மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பியுங்கள்.

மூன்று நாடுகளிலும் அவசர எண் 112. சுவிஸில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414, ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140. ஹெலிகாப்டர் மீட்புக்கான செலவு உங்கள் தலையில் விழலாம். பயணக் காப்பீட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் படித்துப் பாருங்கள்.

ஒரு இரவு மலைக்குடிலில்

ஏழு வயது தாண்டிய பிள்ளைகள் இருந்தால், எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு இரவை மலைக்குடிலுக்கு ஒதுக்குங்கள். குடில் விட்டுக் குடிலாகப் பல நாள் நடப்பதை நான் சொல்லவில்லை. அதற்குப் பன்னிரண்டு வயதாவது ஆகட்டும், மழை வந்தால் திட்டத்தை மாற்ற வழியே இருக்காது. ஒரே இரவு, இரண்டு மணிக்குள் போய்ச்சேரும் குடில், அவ்வளவுதான்.

இதில் வில்டர் கைசருக்கு முதலிடம் கொடுப்பேன். எல்மாவுக்கு மேலே வோகன்புருன்னர் ஆல்ம் வரை காரில் போகலாம். அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கௌடேயாமுஸ் குடில், உயரம் 1,260 மீட்டரையொட்டி. தலைக்கு மேலே வில்டர் கைசரின் முழுச் சுவர். கால் வலு உள்ளவர்கள் 1,620 மீட்டரில் உள்ள குருட்டன் குடிலுக்குப் போகலாம். ஃபில்னஸில் ஷ்லூட்டர் குடில் 2,306 மீட்டர்; சான்ஸர் ஆல்மிலிருந்து பெரியவர்களுக்கே இரண்டு மணி நேர ஏற்றம் என்பதால் ஒன்பது பத்து வயதுக்கு மேல் பாருங்கள். லௌட்டர்புருன்னன் பக்கம் என்றால் ஈஸன்ஃப்ளூவிலிருந்து சின்ன கேபிள் காரில் ஸூல்வால்ட் ஏறி லோப்ஹோர்ன் குடிலுக்கு நடக்கலாம்; யுங்ஃப்ராவுக்கு நேரெதிரே சாப்பாட்டு மேசை.

வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி அடுக்கில் வைக்க வேண்டும். பல குடில்களில் வரிசையாக மெத்தை போட்ட பொது அறைதான். நான்கு பேர் குடும்பத்துக்குத் தனி அறை உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். மெல்லிய துணி உறைப்பை ஒவ்வொருவருக்கும் கட்டாயம், போர்வை அங்கேயே இருக்கும். வெந்நீர்க் குளியலை எதிர்பார்க்காதீர்கள். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைப்பார்கள், அதற்குப் பிறகு பேச்சு கூடாது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நெற்றி விளக்கு வாங்கிக்கொடுத்தால் கழிப்பறைக்குப் போவதே ஒரு சாகசமாகிவிடும். ரொக்கம் எடுத்துப் போங்கள். ஆஸ்திரிய, ஜெர்மன், தெற்குத் திரோல் ஆல்பைன் சங்கங்கள் குடும்பங்களுக்கு ஏற்ற குடில்களைத் தேர்ந்தெடுத்துத் தனிப் பட்டியலே வெளியிடுகின்றன. உறுப்பினர்களுக்குத் தங்கும் கட்டணத்தில் சலுகை உண்டு. சனிக்கிழமை இரவுகள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளை எடுங்கள், முதலில் குடிலைப் பதிவு செய்துவிட்டு மீதி வாரத்தை அதைச் சுற்றி அமையுங்கள்.